ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத தோட்டம்

1. சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு காலை வரை தோட்டத்தின் மேல்பிரிவில் மழை கொட்டியது.

2. பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே பூச்சியம் என்று இருந்தது.

3. திங்கட்கிழமை காலை மூன்று நாள் மழையைக் கூட்டினேன். எச்சரிக்கை எல்லைக்குக் கீழேதான் வந்தது.

4. மேல்லயத்துப் பாக்கியம் அக்கா போன் எடுத்து, லயத்துக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது என்றார். லயத்தை விட்டு வரமாட்டோம் என்றும் சொன்னார்.

5. அவர் என் கணினியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்.

6. நான் ஷெல்லை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

இந்த ஆறையும் விரிவாக எழுதித் தரும்படி எனக்குப் பின் வேலைக்கு வந்த இருவர் கேட்டார்கள். அவர்கள் கையில் இப்போது தானியங்கி மழைமானிகளின் திரை இருக்கிறது. எங்கள் ஹட்டன் அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. பிரியாவிடையில் ஸ்டெல்லா அக்கா, "பவானி இன்னையோட ஓய்வு" என்றபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் நான் செய்த வேலை முடிந்துவிட்டது என்பது உண்மை. அதனால் ஓய்வு பெற்றவள் எழுதுவது போலவே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நோர்வூட்டில் பாடசாலை, கண்டியில் ஒன்றரை வருட டிப்ளோமா. அங்கே இருந்த பழைய கணினிகளில் பெரிய மென்பொருள் எதுவும் ஓடாது. பைதன் மொழியின் ஷெல் மட்டும் ஓடும். அதனால் ஷெல்லில்தான் எல்லாவற்றையும் பழகினேன்.

ஷெல் என்பது கறுப்பாகத் திறக்கும் ஒரு சிறிய சன்னல். அதில் மூன்று அம்புக்குறிகள் நிற்கும். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி என்டர் தட்டினால், அடுத்த வரியிலேயே பதில் வரும். பிறகு மறுபடி மூன்று அம்புக்குறிகள். முழு நிரலையும் எழுதி முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வரி கேள்வி, ஒரு வரி பதில், அதைப் பார்த்து அடுத்த கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அதை யாரும் ஷெல் என்று சொல்லவில்லை. "மூணு அம்பைத் திற" என்பார்கள்.

அலுவலகம் ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது. பதினான்கு தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில், அதுவரை இருபத்துநான்கு மணி நேரத்தில் பெய்த மழை அளவு போனில் வரும்; ஞாயிறு அளவு மட்டும் திங்களோடு சேர்ந்து வரும். அதைக் கோப்பில் சேர்த்து, மூன்று நாள் மழையைக் கூட்டி, மண்சரிவு எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. எல்லையைத் தாண்டினால் அறிவித்தல் எழுதுவோம். ஸ்டெல்லா அக்கா கையெழுத்துப் போட்ட பிறகுதான் தோட்டத்துப் பாடசாலையைத் திறப்பார்கள், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் ஆட்களை அங்கே கொண்டுபோவார்கள். ஒன்பது வருடம் இதைச் செய்தேன்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் பொறுப்பாளர். கொத்மலைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விரும்பவில்லை. ஆனால் என் ஷெல்லை என்னைவிட அதிகமாகப் பயன்படுத்தியவர் அவர்தான். என் வலது தோளுக்குப் பின்னால் நிற்பார். உட்காரமாட்டார். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பார். "போன கிழமை எந்தத் தோட்டத்துல அதிகமா பேஞ்சுச்சு, கேட்டுப் பாரு" என்பார். நான் எழுதுவேன். பதில் வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப அதையே வேற மாதிரி கேளு" என்பார். "அதிகமா பேஞ்ச நாள் எது, அன்னைக்கு எந்தத் தோட்டம்?" இரண்டு பதிலும் பொருந்தினால் தேநீரைக் குடிப்பார். பொருந்தாவிட்டால் கோப்பை ஆறிப்போகும்.

'இருக்கும்' என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "நாற்பது மில்லிமீற்றர் இருக்கும் அக்கா" என்றால், "இருக்கா, இருக்குமா?" என்று கேட்பார். கோபமாக அல்ல. குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற மாதிரி.

என் வேலையில் நடந்த ஒரு பிழையை முதலில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அந்தத் திங்கட்கிழமை புரியாது.

ஷெல்லில் ஒரு பெயர் வைத்தால், சன்னலை மூடும்வரை அந்தப் பெயர் உயிரோடு இருக்கும். பைதனில் தமிழிலும் பெயர் வைக்கலாம். நான் கூட்டுத்தொகைக்கு 'மொத்தம்' என்று வைப்பேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தோட்டத்தின் மழையைக் கூட்டி அதை 'மொத்தம்' ஆக்கியிருந்தேன். சன்னலை மூடாமல் மடிக்கணினியை மட்டும் மடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை, நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தின் மழையைக் கூட்டினேன். நான் எழுதிய வரியில் ஓர் அடைப்புக்குறி தவறு. ஷெல் பிழைச் செய்தி காட்டியது. போன் அடித்துக்கொண்டிருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. அடுத்த வரியில் 'மொத்தம்' என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை போட்டு வைத்த, வேறொரு தோட்டத்தின் தொகை வந்தது. அது எல்லைக்கு மேலே இருந்தது.

அறிவித்தல் போனது. மேல்லயத்தின் பதினொரு குடும்பங்களும் கீழே இருக்கிற தோட்டப் பாடசாலைக்கு இறங்கினார்கள். அன்றைக்குத்தான் பாக்கியம் அக்காவின் மகள் சுதர்ஷினிக்குச் சடங்கு. பந்தலை விட்டுவிட்டு, சோற்றுக் கிடாரத்தைக் கம்பில் தொங்கவிட்டு, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பெண்ணை நாலாம் வகுப்பு அறையில் கதிரையில் உட்காரவைத்து, கரும்பலகைக்கு முன்னால் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். அந்த இரண்டு நாளும் நல்ல வெயில்.

மூன்றாம் நாள், வேறு எதற்கோ மேல் அம்பு விசையைத் தட்டி, முன்பு எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெல் நாம் கேட்டதையெல்லாம் அப்படி வரிசையாக வைத்திருக்கும். அந்த அடைப்புக்குறியில் வந்து நின்றேன். ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "நாளைக்கு நீயும் நானும் அங்க போறோம். நீதான் சொல்லணும்" என்றார். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து, தன் மீன் துண்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் மேல்லயத்தின் முன்னால் நின்று சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஏச்சு. பாக்கியம் அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். கொழுந்து எடுக்கும் வேலை. லயத்துக்காகப் பேசவேண்டிய இடத்தில் எல்லாம் அவர்தான் பேசுவார்.

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே மிஸ். எங்களுக்கு என்னா தெரியப்போகுது?"

"மிஷின் சரியாத்தான் சொன்னுச்சு அக்கா. நான்தான் பழைய கணக்கப் பாத்துட்டேன்."

"பழசா?"

"மூணு நாளைக்கு முந்தி உள்ளது."

அவர் உள்ளே போய் ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் முறுக்கும் பயற்றம் பலகாரமும் இருந்தன.

"இந்தாங்க, சடங்குப் பலகாரம். இதுவும் மூணு நாளைக்கு முந்தி உள்ளதுதான்."

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். ஸ்டெல்லா அக்கா தன் போன் இலக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தார். மண்ணில் வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது, இதில் எதைப் பார்த்தாலும் போன் எடுக்கச் சொன்னார். "எடுக்கிறேன். ஆனா இன்னொரு தடவ கிடாரம் தூக்கமாட்டோம்" என்றார் பாக்கியம் அக்கா.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை வந்தது. ஷெல்லில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள்வி கேட்டுத் திரியலாம். ஆனால் ஒரு எண்ணை இன்னொருவரிடம் சொல்வதற்கு முன்னால் சன்னலை மூட வேண்டும். மறுபடி திறக்க வேண்டும். கோப்பை முதலிலிருந்து வாசிக்கவைக்க வேண்டும். அதே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாளில் எழுதலாம். இதற்கு நான்கு நிமிடம் பிடிக்கும். நான் ஒருநாளும் அதைக் குறைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் கழிந்து அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காலை ஏழரைக்கு அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் வழக்கம்போல இரண்டு நாள் அளவையும் சேர்த்து அனுப்பினார். ஞாயிறு 0, திங்கள் 38. சனிக்கிழமை அளவு ஏற்கனவே கோப்பில் இருந்தது: 52. ஷெல்லை மூடினேன், திறந்தேன், கூட்டினேன், வேறு விதமாகவும் கூட்டினேன். தொண்ணூறு. எல்லைக்கு நன்றாகவே கீழே.

"நேத்துக் காலையில பூசைக்கு நனைஞ்சுகிட்டுத்தான் போனேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து. "அங்க ஒரு துளி இல்லையாமா?"

"ஹட்டன்ல பேஞ்சா நோர்வூட்டுக்கு மேல பெய்யணும்னு இல்லையே அக்கா." அது உண்மை. மலையில் ஒரு பக்கம் குடை பிடித்து நடப்போம், வளைவு திரும்பினால் வெயில். அவரும் மலையில் பிறந்தவர்தான். தலையாட்டினார். ஆனால் கோப்பை ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்டெல்லா மிஸ், பாக்கியம் பேசுறேன். பின்னால ஊத்துத் தண்ணி தேத்தண்ணி மாதிரி வருது. சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டேன். அதுக்காக நாங்க எங்கயும் வரமாட்டோம்."

"தண்ணி எப்ப இருந்து கலங்குது பாக்கியம்?"

"விடிஞ்சு பாக்கையில அப்பிடித்தான் இருந்துச்சு. மிஷினு என்னா சொல்லுது?"

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் போனுக்குக் கிட்டே குனிந்து, "எல்லைக்குக் கீழதான் அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

விதிப்படி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அறிவித்தல் தாளில் எண் எழுத வேண்டும். எல்லைக்குக் கீழே உள்ள எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் தோட்டம் கேட்கும், மேலிடம் கேட்கும். இவை எல்லாவற்றையும்விட, அந்தப் பதினொரு குடும்பங்களும் கேட்பார்கள். ஸ்டெல்லா அக்கா அறிவித்தல் தாள் ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். "லெப்டொப்பை எடு. போய்க் கண்ணால பார்ப்போம்." ஓட்டோ பிடித்துப் போனோம். தேயிலைக்கு நடுவே வெட்டிய கான்கள் எல்லாம் செம்மண் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தன.

பத்தரைக்கு மேல்லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தூறல்தான். மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பின்னால் போய் ஊற்றைப் பார்த்தோம். பாக்கியம் அக்கா சொன்ன நிறம்தான். பிறகு அவருடைய வாசல் இஸ்தோப்பில், அந்தச் சிறிய முன்திண்ணையில், ஒரு கதிரையைப் போட்டு மடிக்கணினியை வைத்தேன். பதினைந்து இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

"எல்லைக்குக் கீழன்னு சொல்லிட்டு அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றார் பாக்கியம் அக்கா.

"தண்ணியப் பார்க்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"தண்ணி ஒண்ணு சொல்லுது, மிஷினு ஒண்ணு சொல்லுது. எத நம்புறது?" பக்கத்து வீட்டு ராசு அண்ணன் கேட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், எதையும் கேலியாகத்தான் பேசுவார். "சாமியாடிகிட்ட கேக்கிற மாதிரி அதுகிட்ட எதாச்சும் தெரிஞ்சதக் கேட்டுப் பாப்போமே. சரியா சொல்லுதான்னு."

"கேக்கலாமா மிஸ்?" என்றார் பாக்கியம் அக்கா. "போன தீவாளிக்கு இங்க எவ்வளவு மழன்னு கேளுங்க."

கூட்டத்தில் சிரிப்பு. போன தீபாவளிக்கு அங்கே பட்டாசு ஒன்றுகூட வெடிக்கவில்லையாம். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் கோயிலுக்குப் போய் வருவதற்குள் தொப்பலாகிவிட்டார்களாம். அந்தத் திகதியை எழுதி என்டர் தட்டினேன்.

பூச்சியம் வந்தது.

"என்னா சொல்லுது?"

"பூச்சியம்" என்றேன். மறுபடி சொன்னேன். "மழை இல்லைன்னு சொல்லுது அக்கா."

"பொய் சொல்லுது." பாக்கியம் அக்கா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

என் வலது தோளுக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார். கையில் கோப்பை இல்லை. "அதுக்கு முந்தின தீபாவளி?" பூச்சியம். "பொங்கல்?" பூச்சியம். அவர் கொஞ்சம் யோசித்தார். "கிழமை கிழமையா கேளு. திங்களுக்கு எவ்வளவு, செவ்வாய்க்கு எவ்வளவு. ஆரம்பத்துல இருந்து."

கோப்பில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. ஒரே வரிதான் எழுத வேண்டும். எழுதினேன். ஏழு வரிகள் வந்தன. ஆறில் எண்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல். ஏழாவதில் பூச்சியம்.

பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு துளி இல்லை.

அதைச் சொன்னேன். பிறகு ராசு அண்ணன், "நம்ம தோட்டத்துல மழைக்கும் ஞாயித்துக்கிழம லீவு போல" என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மழைமானி நிற்பது பெரட்டுக் களத்தின் ஓரத்தில். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், கடைசிப் பெயரைக் கூப்பிட்டதும் கிளாக்கர், காவற்காரர் யோவான் அண்ணனிடம் மழை அளவைக் கேட்பார். அவர் சொல்வார், இவர் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இல்லை. பெரட்டு இல்லாத நாள் எதுவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் லயத்தில் பிறந்தவள். அந்த ஒரு நாள்தான் அம்மா எங்களுக்குத் தலை பின்னிவிடுவார். இத்தனை வருடம் இந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா யோவான் அண்ணனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, நேத்து மழை அளக்கலையா?"

"நேத்துப் பெரட்டு இல்லையே மிஸ்."

"கிளாக்கர் பூச்சியம்னு அனுப்பியிருக்காரே."

"மழை எழுதுற பாரத்துல கட்டத்த வெறுமையா விட்டா திருப்பி அனுப்புவாங்கன்னு அவுங்க பூச்சியம் போடுவாங்க."

"அப்ப மழைமானிப் போத்தல்ல இருந்த தண்ணி?"

"நேத்துக் காலையிலயே கீழ ஊத்திட்டேன். எங்கயும் தண்ணி தேங்கக் கூடாது, நுளம்பு வரும்னு சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஐயா சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமையும் நான் மறக்காம ஊத்திருவேன் மிஸ்."

"எவ்வளவு இருந்துச்சு அண்ணே?"

அவர் மெதுவாகச் சொன்னார். "பார்க்கலையே மிஸ். யாரும் கேக்கமாட்டாங்களே. கேட்டிருந்தா பார்த்திருப்பேன்." பிறகு, "போத்தல் பாரமா இருந்துச்சு" என்றார்.

பாரம் என்பதை நான் எழுத முடியாது. ஞாயிறு பூச்சியம் அல்ல என்பது தெரிந்தது. எவ்வளவு என்பது தெரியவில்லை. பின்னால் ஊற்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, சனிக்கிழமையில இருந்து வெளியில திறந்து கிடக்கிற பாத்திரம் எதாவது இருக்கா? பக்கம் நேரா இருக்கணும். கூரைத் தண்ணி விழுந்திருக்கக் கூடாது. யாரும் கொட்டியிருக்கக் கூடாது."

வாளிகள் எல்லாம் கூரைப் பீலிக்குக் கீழே. சட்டிகள் வயிறு பருத்தவை. அப்போது சுதர்ஷினி, "பலகார டின்" என்றாள். அந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்தாள். நோர்வூட் வீதியில் தண்ணீர் ஏறியதால் பாடசாலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். "சனிக்கிழமை அந்திக்குத்தான் கழுவிட்டுக் கல்லு மேல வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"வேலைய மறக்கிறதுல கெட்டிக்காரி" என்றார் பாக்கியம் அக்கா.

துணி துவைக்கும் கல் லயத்திலிருந்து தள்ளி, வானத்துக்குக் கீழே இருந்தது. டின் அதன் மேல் சாயாமல் இருந்தது. மூன்று நாள் பழைய பலகாரம் வந்த அதே சதுர டின். சுதர்ஷினி தன் அடிமட்டத்தை எடுத்து வந்து நேராக இறக்கினாள்.

"பதினாலு சென்ரிமீற்றர்" என்றாள். பிறகு, "இல்ல மிஸ். அடிமட்டத்து முனையில அரை சென்ரிமீற்றர் கோடு இல்லாம இருக்கு. அதையும் சேர்த்தா பதினாலரை."

நூற்று நாற்பத்தைந்து மில்லிமீற்றர். சனி மாலையிலிருந்து அந்த நேரம்வரை. அதோடு சனிக்கிழமைக் காலை அளந்த ஐம்பத்திரண்டு. விரல் விட்டே கூட்டலாம். ஆனால் நான் இஸ்தோப்புக்குத் திரும்பி வந்து, ஷெல்லை மூடினேன்.

"என்னா மிஸ், கரண்டு போயிருச்சா?" என்றார் ராசு அண்ணன். "இந்த நேரத்துல எதுக்கு மூடுறீங்க?"

எனக்கு முன்னால் பாக்கியம் அக்கா பதில் சொன்னார். "பழசு ஒட்டிக்கிட்டிருக்கும்டா. புதுசாத் திறந்துதான் கேக்கணும். சும்மா இரு."

ஸ்டெல்லா அக்கா அவசரப்படுத்தவில்லை. சன்னல் திறந்தது. கோப்பை வாசிக்கவைத்தேன். ஞாயிற்றுக்கிழமையின் பூச்சியத்தை எடுத்தேன். டின்னின் அளவைப் போட்டேன். அதற்குள் திங்களும் இருந்ததால் திங்களின் முப்பத்தெட்டை நீக்கினேன். கூட்டினேன். வேறு விதமாகக் கூட்டினேன். இரண்டு தடவையும் நூற்றுத் தொண்ணூற்றேழு. எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"இருக்கா, இருக்குமா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"இருக்கு அக்கா."

அவர் பையிலிருந்து தாளை எடுத்தார். அதில் 'அளந்த கருவி' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே மழைமானியின் இலக்கத்தைத்தான் எழுதவேண்டும். வேறு எதையும் எழுதி யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. அவர் ஒரு எழுத்தும் சாயாமல், 'பாக்கியத்தின் பிஸ்கட் டின்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைப் பாக்கியம் அக்காவிடம் நீட்டினார்.

"போன தடவ நாங்க சொன்னோம், நீங்க இறங்கினீங்க. இந்தத் தடவ நீங்க அளந்திருக்கீங்க. இறங்கணுமா இல்லையான்னு நீங்க சொல்லுங்க."

பாக்கியம் அக்கா தாளைப் பார்த்தார். தன் பெயர் இருந்த இடத்தில் அவர் கண் கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி, உரத்த குரலில், "ராசு, ஒன் வீட்டுக் கிழவியத் தூக்கு. மத்தவுங்க பிள்ளைகளையும் உடுப்பையும் எடுங்க. இன்னைக்குக் கிடாரம் இல்ல, சுருக்காப் போயிரலாம்" என்றார்.

மதியம் ஒரு மணிக்குள் மேல்லயம் வெறுமையானது. எல்லோரும் போனார்களா என்று பட்டியல் வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு பேர், மூன்று நாய், ஒரு ஆடு. கடைசியாக சுதர்ஷினி வந்தாள். புத்தகப் பை முதுகில். கையில் டின், மேலே ஒரு பொலித்தீன் கட்டி. உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது. "யாராவது வந்து கேட்டா காட்டலாம்ல மிஸ்" என்றாள்.

மாலையில் யோவான் அண்ணன் பாடசாலைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பாக்கியம் அக்கா ஒரு கோப்பைத் தேநீரோடு போனார். "ஊத்துறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துருங்க அண்ணே. இனிமே நாங்க கேப்போம்" என்றது எனக்குக் கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியளவில், எல்லோரும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேலே லொறி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. நீண்ட சத்தம் இல்லை. லயத்தின் மேல்பக்கத்து மூன்று வீடுகளுக்குள் மண் இறங்கியிருந்தது. பாக்கியம் அக்காவின் வீடு இரண்டாவது. நாற்பத்தாறு பேரும் பாடசாலையில் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். பிறகு இன்னொரு விதமாக, குடும்பம் குடும்பமாக எண்ணினேன்.

அறிவித்தலில் எழுதியிருந்த பிஸ்கட் டின்னைப் பற்றி மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டெல்லா அக்கா இரண்டு வரியில் பதில் எழுதினார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

மற்ற பதின்மூன்று தோட்டங்களையும் அந்த வாரத்திலேயே கிழமை கிழமையாகக் கேட்டுப் பார்த்தேன். ஐந்து தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை. அந்த ஐந்துக்கும் நேரில் போனோம். வேலையின் கடைசி நாளில், பழைய கோப்புகளை ஒப்படைப்பதற்கு முன்னால், அந்தப் பூச்சியங்களை எல்லாம் மாற்றினேன். பைதனில் பூச்சியம் வேறு, அளவு தெரியாது என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் குறி உண்டு. ஷெல்லைத் திறந்து, பெரட்டு இல்லாத நாட்களுக்கு எதிரே 'தெரியாது' என்று போட்டேன். மூடிவிட்டு, மறுபடி திறந்து சரிபார்த்தேன்.

இப்போதைய நிலை இது. பெரட்டுக் களத்தில் தானியங்கி மழைமானி நிற்கிறது. அது ஞாயிற்றுக்கிழமையும் அளக்கிறது. பதினொரு குடும்பங்களில் ஏழுக்கு மலையின் மறுபக்கத்தில் வீடு கிடைத்துவிட்டது. நான்கு குடும்பங்கள் இன்னும் பாடசாலை மைதானத்துத் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. பாக்கியம் அக்கா அந்த நான்கில் ஒருவர். டின் அவருடைய கொட்டகைக்கு வெளியே, கூரைத் தண்ணீர் விழாத இடத்தில், ஒரு கல்லின் மேல் இருக்கிறது.